அறிவுரை கேட்ட கிளையண்ட், அறிவுரை கேட்ட கோச்: ஒரு சூப்பர்விஷன் நிகழ்வு ஆய்வு

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையிலாவது ‘சூப்பர்வைசர்’ என்று சொன்னால், கையில் ரிப்போர்ட் அட்டையோடு நிற்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசர்தான் நினைவுக்கு வருவார். ‘கோச்’ என்றால் என் உறவினர்கள் நீட் கோச்சிங்கா என்று கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, “நான் ஒரு கோச், எனக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார்” என்று கல்யாண வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பேச்சு பந்திக்குத் திரும்பிவிட்டது.

நான் செய்வது நிறுவனங்களில் மேல்பொறுப்பில் இருப்பவர்களுக்கான கோச்சிங். அதற்கு முன் 19 வருடம் உற்பத்தித் துறையில் மனிதவள வேலை. சூப்பர்விஷன் என்பது, ஒரு கோச் தன் வேலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் இன்னொரு அனுபவமுள்ள, அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் எடுத்துச்சென்று உட்கார்ந்து பார்ப்பது. அவர் எனக்கு மேலதிகாரி இல்லை, மதிப்பெண் போடுபவரும் இல்லை. மாதம் ஒரு மணி நேரம், வீடியோ அழைப்பில், பெங்களூருவில் இருக்கும் ஒரு மேடத்துடன். கட்டணம் என் சட்டைப்பையிலிருந்து.

இந்த ஆய்வுக்கு வரும் கிளையண்டிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

ஒப்பந்தம்

அவருக்கு வயது 44. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராகப் பல வருடம் இருந்து, ஆப்பரேஷன்ஸ் தலைவராக உயர்த்தப்பட்டவர். மெஷின் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடக்கூடியவர் என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள். பதவி உயர்ந்த பிறகும் அவர் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறார் என்பது நிறுவனத்தின் குறை. எல்லா முடிவும் அவரிடமே வந்து நிற்கிறது. கீழே இருப்பவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துப் பழக வேண்டும். அதற்காக ஆறு மாதத்தில் எட்டு செஷன், ஒவ்வொன்றும் 90 நிமிடம்.

ஆரம்பத்தில் அவர், அவருடைய மேலதிகாரி, எச்ஆர் தலைவர், நான் என நால்வரும் உட்கார்ந்து பேசினோம். கோச்சிங்கின் இலக்கையும் அவர் வந்தாரா இல்லையா என்பதையும் மட்டும் நிறுவனத்திடம் சொல்வேன், உள்ளே பேசியது வெளியே வராது என்று எழுத்தில் வைத்தோம். என் சூப்பர்வைசரிடம் பெயர் சொல்லாமல் விவாதிப்பேன் என்றும் ஒரு வரி இருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காபி வந்துவிட்டது.

நல்லபடியாகப் போன மூன்று செஷன்கள்

முதல் இரண்டு செஷன் ஒழுங்காகவே போயின. நான் கேட்டேன், அவர் யோசித்தார். மூன்றாவதில், தர ஆய்வுத் துறைத் தலைவரோடு நடந்துகொண்டிருந்த மோதலை விவரித்துவிட்டு, “சார், நீங்க இருபது வருஷம் பாத்தவர். சும்மா கேள்வியே கேட்டுட்டு இருக்காதீங்க. நீங்களே சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். அவர் அப்படியே போய்ச் செய்தார், பலித்தது. மறுநாள் காலையில் கைகூப்பும் படத்தோடு வாட்ஸாப்பில் நன்றி வந்தது. இந்த வேலையில் ஒரு கோச்சுக்கு இதைவிட ஆபத்தான பரிசு இல்லை என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அந்த மெசேஜை மனைவியிடம் காட்டினேன்.

அதன் பிறகு இரவு பத்து மணிக்கு மேல் கேள்விகள் வர ஆரம்பித்தன. “சார், நாளைக்கு ரிவ்யூ. டெலிவரி லேட் ஆனதுக்கு என்ன சொல்லட்டும்?” நான் பதில் போட்டேன். நான்காவது செஷன் இரண்டேகால் மணி நேரம் ஓடியது. வீட்டுக்கு வரும் வழியில் பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது அவருடைய டெலிவரி பிரச்சினையை என் பிரச்சினையாகவே யோசித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பெருமையாகவும் இருந்தது, களைப்பாகவும் இருந்தது.

இதற்கிடையே இரண்டு சூப்பர்விஷன் சந்திப்புகள் நடந்தன. அவற்றில் இந்த கிளையண்டைப் பற்றி நான் பேசவே இல்லை. “அது நல்லா போயிட்டிருக்கு மேடம்” என்று ஒரு வரி, அப்புறம் வேறொரு கிளையண்ட். சூப்பர்விஷனின் பெரிய ஓட்டை இதுதான். நான் கொண்டுபோவதை மட்டும்தான் அவர் பார்க்க முடியும். பளபளப்பானதைக் கொண்டுபோனால் பளபளப்பு திரும்பி வரும்.

ஒரு போன் அழைப்பு

ஐந்தாவது செஷனில் அவர் கதவைச் சாத்திவிட்டு, புனேயில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது சுற்றும் முடிந்துவிட்டது. வீட்டில் மட்டும் தெரியும். போகலாமா, இருக்கலாமா என்று நான் சொல்ல வேண்டும் என்றார்.

நான்கு நாள் கழித்து எச்ஆர் தலைவர் போனில் வந்தார். வேறு ஏதோ இன்வாய்ஸ் விஷயம். வைக்கப்போகும் நேரத்தில், “சார், அவர் நம்மகூட இருப்பாரா? டீட்டெயில் ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கு என்ன தோணுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

“கவலைப்பட ஒண்ணும் இருக்கற மாதிரி தெரியல” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறு இருக்கிறது. அறைக்குள் பேசியதைப் பற்றி வெளியே ஒரு துப்பு கொடுத்தது ஒன்று. அந்தத் துப்பு பொய் என்பது இன்னொன்று. போனை வைத்த பிறகு, அவரைக் காப்பாற்றத்தானே சொன்னோம் என்று சமாதானம் செய்துகொண்டேன். தூக்கம் வரவில்லை. இரவு 10.40-க்கு பெங்களூருவுக்கு மெசேஜ் போட்டேன். “மேடம், நாளன்னைக்கு ஒரு முக்கியமான செஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேச முடியுமா? என்ன செய்யறதுன்னு தெரியல.”

அந்த ஒரு மணி நேரம்

அவர் அன்று இரவு பதில் போடவில்லை. காலையில், மறுநாள் முழு ஒரு மணி நேரம் ஒதுக்குவதாக எழுதியிருந்தார்.

நான் கிளையண்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மோதல், டெலிவரி, புனே, எச்ஆர். கால் மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லி முடித்து, “இப்ப நான் என்ன மேடம் செய்யணும்?” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். “ராத்திரி உங்க மெசேஜ் பாத்ததும் உடனே கூப்பிட்டு ஒரு வழி சொல்லிடணும்னு எனக்கு ஒரு வேகம் வந்தது. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அந்த வேகம் யாருடையதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். உங்க கிளையண்ட் உங்களுக்கு எத்தனை மணிக்கு மெசேஜ் போடுவார்?”

வாட்ஸாப் விஷயத்தை நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவர் செய்தது என்ன என்று விளக்க வேண்டும். ஏனென்றால் இது ஏதோ மாயம் போலத் தோன்றும், ஆனால் மாயம் இல்லை. கோச்சிங் இந்தப் பழக்கத்தை உளச்சிகிச்சையிலிருந்தும் சமூகப்பணியிலிருந்தும் கடன் வாங்கியது. சிகிச்சையாளர் பயிற்சியில் மூத்தவரின் மேற்பார்வையை முறையான ஒரு பகுதியாக்கியதில் 1920-இல் பெர்லினில் திறந்த உளப்பகுப்பாய்வு மருத்துவமனைக்கு முக்கியப் பங்கு உண்டு. 1955-இல் ஹரால்ட் சீர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார். சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் நடுவே நடப்பது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் நடுவேயும் தன்னையறியாமல் திரும்ப நடக்கிறது. ஆகவே மேற்பார்வையாளருக்குள் திடீரென்று எழும் உணர்ச்சியே ஒரு தகவல். இன்றைக்கு இதை இணை நிகழ்வு என்ற பொருள்படும் பெயரில் எல்லாப் பாடத்திட்டத்திலும் சொல்லித்தருகிறார்கள். நானும் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். எனக்கே நடந்தபோது தெரியவில்லை.

மேடம் பயன்படுத்துவது பீட்டர் ஹாக்கின்ஸ் 1980-களில் பிரிட்டனில் உருவாக்கிய ‘ஏழு கண்’ முறை. ஒரே விஷயத்தை ஏழு இடத்தில் நின்று பார்ப்பது. கிளையண்டைப் பார்ப்பது முதல் கண். கோச் என்ன செய்தார் என்பது இரண்டாவது. இருவருக்கும் நடுவே உள்ள உறவு மூன்றாவது. கோச்சுக்குள் என்ன நடக்கிறது என்பது நான்கு. கோச்சுக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவே இப்போது என்ன நடக்கிறது என்பது ஐந்து. சூப்பர்வைசருக்குள் என்ன ஓடுகிறது என்பது ஆறு. இவர்கள் எல்லோரையும் சூழ்ந்திருக்கும் நிறுவனமும் சூழலும் ஏழு. என்னைப் போன்றவர்கள் முதல் இரண்டிலேயே ஒரு மணி நேரத்தையும் தீர்த்துவிடுவோம். அவர் எப்படி, நான் என்ன செய்யட்டும், அவ்வளவுதான். மேடம் அன்று நேராக ஆறிலிருந்து ஆரம்பித்தார்.

அப்புறம் ஏழுக்குப் போனார். அந்தத் தொழிற்சாலையில் யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் வரையச் சொன்னார். வரைந்தேன். லைன் நின்றால் ஆபரேட்டர் ஷிஃப்ட் சூப்பர்வைசரைக் கேட்கிறார். அவர் இரவில் என் கிளையண்டைக் கூப்பிடுகிறார். என் கிளையண்ட் இரவில் என்னைக் கேட்கிறார். நான் இரவில் மேடத்தைக் கேட்டேன். கேன்டீன் மெனுவரை எம்டி பார்த்துத்தான் முடிவாகும் என்று கிளையண்ட் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத ஒரு நிறுவனத்துக்குள், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லித்தரப் போனவன், அந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியாக மாட்டிக்கொண்டிருந்தேன். கோச்சிங்கின் இலக்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட அதே நோய்.

நான்காவது கண்ணுக்கு வந்தபோதுதான் எனக்கு வலித்தது. “கேட்டதும் பதில் சொல்றது உங்களுக்கு எங்க பழக்கம்?” என்றார். என் அப்பா அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். ராத்திரி சாப்பிட உட்காரும்போது பட்டறைப் பையன்கள் வாசலில் வந்து நின்று, “முதலாளி, இதுக்கு எவ்ளோ டாலரன்ஸ் வெக்கறது?” என்று கேட்பார்கள். தட்டிலிருந்து கையை எடுக்காமல் அப்பா பதில் சொல்வார். அந்த வீட்டில் பெரிய மனுஷன் என்றால் அதுதான் அடையாளம். கேட்க ஆள் வேண்டும், கேட்டதும் பதில் வேண்டும். 44 வயது கிளையண்ட் ‘சார்’ என்று கேட்டபோது எனக்கு அந்தத் தட்டு கிடைத்துவிட்டது.

மேடம் இதை ஆராயப் போகவில்லை. அது சிகிச்சையாளரின் வேலை, சூப்பர்விஷனின் வேலை இல்லை என்று அவர் கோடு போட்டு நிற்பவர். “சரி, இப்ப தெரிஞ்சுடுச்சு. எச்ஆர் விஷயத்துக்கு வருவோம்” என்றார்.

எங்களுக்குள் வந்த கருத்து வேறுபாடு

எச்ஆர் தலைவரிடம் சொன்னதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கிளையண்டிடம் சொன்னால் நம்பிக்கை போய்விடும், இன்னும் மூன்று செஷன்தான் பாக்கி. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘சொல்லுங்கள்’ என்றும் சொல்லவில்லை. “அந்தப் பதில்ல நீங்க யாரைக் காப்பாத்தினீங்க?” என்று மட்டும் கேட்டார். கிளையண்டை என்றேன். “எச்ஆர் அந்தப் பதிலை நம்பி, அவர் இடத்துக்கு ஆள் தேடாம இருந்து, அவர் புனே போயிட்டா?” என்றார். காப்பாற்றியது நல்ல கோச் என்ற என் பெயரை என்பது அப்போது உறைத்தது.

சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை என்று பிரிஜிட் பிராக்டர் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் வகுத்திருக்கிறார். நெறி தவறாமல் பார்ப்பது, திறமையை வளர்ப்பது, வேலை செய்பவர் உடைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது. இந்தியாவில் கோச்சிங்குக்கு உரிமம் கிடையாது. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச் என்று போட்டுக்கொள்ள விசிட்டிங் கார்டு போதும். தொழில் சங்கங்களின் நெறிமுறைகள் உண்டுதான், ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் அவை விழித்துக்கொள்ளும். நான் போனில் சொன்ன வரியைப் பற்றிப் புகார் கொடுக்க யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த முதல் வேலையை அன்றைக்குச் செய்ய மேடத்தைத் தவிர உலகத்தில் யாரும் இல்லை.

இதையே சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப் கேட்கும் ‘மென்டர் கோச்சிங்’ பிடித்திருக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சான்றிதழ் வாங்க அது 10 மணி நேரம் வேண்டும், நானும் முடித்திருக்கிறேன். அதில் மூத்த கோச் ஒருவர் செஷனைக் கேட்டு, கோச்சிங் திறன்களை வைத்துக் கருத்துச் சொல்வார். என் மூன்றாவது செஷனைக் கேட்டிருந்தால் அறிவுரை சொன்னதை நிச்சயம் பிடித்திருப்பார். எச்ஆர் போனைப் பிடித்திருக்க வழியில்லை, அது எந்தப் பதிவிலும் இல்லை. இரவு வாட்ஸாப்பும் இல்லை. மென்டர் கோச்சிங்கையும் சூப்பர்விஷனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “நான் மென்டர் கோச்சிங் முடிச்சுட்டேனே” என்று சூப்பர்விஷனைத் தவிர்ப்பவர்கள் நம்மிடம் நிறைய.

திரும்பிப் போனது

முதலில் எச்ஆர் தலைவரைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது, அதை எந்தப் பக்கமும் எடைபோடாமல் விட்டுவிடுங்கள், அப்படி ஒரு கேள்வி இருந்தால் அவரிடமே கேளுங்கள் என்றேன். “ஓகே சார்” என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறாவது செஷனில் கிளையண்டிடம் நடந்ததைச் சொன்னேன். எச்ஆர் கேட்டது, நான் உளறியது, திரும்பக் கூப்பிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “அப்ப அவங்களுக்கு சந்தேகம் வந்திருக்கும்ல சார்” என்றார். வந்திருக்கலாம் என்றேன். அன்று 40 நிமிடத்தில் செஷன் முடிந்தது. அடுத்ததை ரத்து செய்தார்.

அந்த மூன்று வாரம் சுகமாக இல்லை. மூன்றாவது வேலை, அதாவது தாங்கிப் பிடிப்பது, அந்த மாதச் சந்திப்பில்தான் நடந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் பேசினேன், மேடம் கேட்டார், நன்றாகத் தூங்கினேன்.

பிறகு கிளையண்ட் தானே நாள் குறித்து வந்தார். வந்ததும் கேட்டது, “இதைச் சொல்லணும்னு உங்களுக்கா தோணுச்சா, யாராவது சொன்னாங்களா?” என் சூப்பர்வைசரோடு பேசினேன், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது என்றேன். நம்ப முடியாமல் பார்த்தார். “நீங்களும் ஒருத்தர்கிட்ட போய்க் கேக்கறீங்களா சார்? அவங்க பதில் சொல்வாங்களா?”

“மாட்டாங்க. கேள்விதான் கேப்பாங்க.”

“அப்ப உங்களுக்கும் என் நிலைமைதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நிஜமான கோச்சிங் ஆரம்பித்தது என்பது என் கணக்கு. எட்டு செஷனில் ஏழாவது. மோசமான விகிதம்தான்.

அன்று நான் ஒரே கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தேன். ராத்திரி உங்களை யார் கூப்பிடுகிறார்கள்? அவர் போனை எடுத்து அழைப்புப் பட்டியலை எண்ணினார். அதற்கு முந்தைய வாரத்தில் ஒன்பது மணிக்கு மேல் 27 அழைப்புகள். அதில் எத்தனைக்கு உங்கள் பதில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்து, “நாலஞ்சைத் தவிர எல்லாம்” என்றார். லைன் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும் என்றால் ஷிஃப்ட் சூப்பர்வைசரே முடிவெடுக்கலாம், காலையில் சொன்னால் போதும் என்ற விதியை அவரே உருவாக்கினார். நான் வார்த்தைகூட எடுத்துக்கொடுக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. எட்டாவது செஷனுக்கு வந்தபோது அழைப்புகள் ஏழாகக் குறைந்திருந்தன. ஒரு முடிவு தவறாகி, 200 பீஸ் கழிவுக்குப் போனதையும் சொன்னார். அதற்குப் பிறகும் விதியை எடுக்கவில்லை.

புனே விஷயத்தில் நான் கருத்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கோச்சிங் முடிந்து இரண்டு மாதத்தில் அவர் புனே போய்விட்டார். போகும் முன் எச்ஆரிடமும் மேலதிகாரியிடமும் தானே பேசி, மூன்று மாத நோட்டீஸில் தன் இடத்துக்கு ஒருவரைத் தயார் செய்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நிறுவனம் பணம் கட்டி வளர்த்த ஆள் வெளியே போனதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தோல்வி என்றும் எழுத முடியவில்லை.

எவ்வளவு போதும்

ஐரோப்பிய கோச்சிங் அமைப்பான ஈஎம்சிசி, 35 மணி நேரக் கோச்சிங்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரச் சூப்பர்விஷன், எப்படியும் காலாண்டுக்கு ஒருமுறையாவது என்று வழிகாட்டுகிறது. எனக்கு வருகிற வேலைக்கு மாதம் ஒன்று அந்தக் கணக்கைத் தாண்டியே இருந்தது. கணக்கு சரியாக இருந்தும் முதல் இரண்டு சந்திப்பில் எதுவும் பிடிபடவில்லை என்பதைத்தான் மேலே சொன்னேன். இப்போது எந்த கிளையண்டைப் பற்றிப் பேச எனக்கு ஆசை இல்லையோ அவரை முதலில் சொல்வது என்று மேடத்தோடு ஏற்பாடு.

பிரிட்டனின் மனிதவளத் தொழில் அமைப்பான சிஐபிடி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்விஷன் அவசியம் என்று சொன்ன கோச்சுகள் 86 சதவீதம், உண்மையில் தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்கள் 44 சதவீதம். பழைய எண்தான். ஆனால் சென்னையில் கோச்சுகள் கூடும் இடத்தில் நின்று பேசினால் இன்னும் பழகிய சத்தமாகவே கேட்கிறது. கட்டணம் ஒரு நியாயமான தடை, நான் மறுக்கவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு சூப்பர்வைசரோடு உட்காரும் குழு முறை செலவைக் குறைக்கும். ஆனால் என் எச்ஆர் போனை ஐந்து சக கோச்சுகளுக்கு முன்னால் நான் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ‘இவர் நிறுவனத்தில் தொடர்வாரா என்ற கேள்விக்குக் கோச் எந்த வடிவத்திலும் பதில் சொல்லமாட்டார்.’ நால்வரும் உட்காரும் முதல் சந்திப்பில், காபி வருவதற்கு முன்பே, அதையும் சூப்பர்வைசர் பற்றிய வரியையும் வாய்விட்டுப் படிக்கிறேன்.

அந்த நிறுவனத்திலிருந்து எனக்கு அதற்குப் பிறகு வேலை வரவில்லை. அந்தப் போன் காரணமா, பட்ஜெட் காரணமா என்று எச்ஆர் தலைவரிடம் கேட்டதில்லை. போன மாதம் இதை மேடத்திடம் சொன்னபோது, கேட்க வேண்டும் போலிருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். “ராத்திரி பத்தே முக்காலுக்கா?” என்றார்.